அச்சுப்பிச்சா, வாயாடியா? ஃப்ளிபர்ட்டிஜிபெட் என்ற பழைய ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்குவது

வாசகர் கேள்வி:

1930களில் நடக்கும் ஓர் ஆங்கிலக் குறுநாவலைத் தமிழில் மொழிபெயர்க்கிறேன். அதில் வயதான பெண்மணி ஒருவர் தன் தம்பியின் 19 வயது மகளை 'ஃப்ளிபர்ட்டிஜிபெட்' என்கிறார். இந்தச் சொல் மூன்று இடங்களில் வருகிறது. முதலில் பெண்ணின் முகத்துக்கு நேரே திட்டும்போது. பிறகு தம்பிக்கு எழுதும் கடிதத்தில். கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண்ணே தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்கிறாள். அகராதியில் 'வம்பளப்பவர்' என்று இருந்தது. நான் 'வாயாடி' என்று போட்டேன். படித்த நண்பர், 'இதைக் கேட்டால் பெண் சண்டைக்காரி போலத் தெரிகிறாள்' என்று அடித்துவிட்டார். கிங் லியர் நாடகத்தில் இதே சொல் ஒரு பேயின் பெயராக வருகிறதாமே? இரண்டும் ஒன்றா? சரியான தமிழ்ச் சொல் எது? தமிழில் எப்படி எழுத வேண்டும், எப்படி உச்சரிக்க வேண்டும்?

பதில்:

உங்கள் நண்பர் அடித்தது சரிதான். ஆனால் அகராதி கொடுத்த 'வம்பளப்பவர்' அதைவிடப் பெரிய தவறு. இந்த ஆங்கிலச் சொல்லில் விஷம் கிடையாது. 'வாயாடி'யில் கொஞ்சம் காரம் உண்டு. 'வம்பு' என்றாலே அடுத்தவருக்குக் கெடுதல் என்று ஆகிவிடும். நீங்கள் தேட வேண்டியது கெடுதல் இல்லாத, கனம் இல்லாத ஒரு சொல்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். இன்றைய வழக்கில் இதில் மூன்று குணங்கள் சேர்ந்திருக்கின்றன: ஓயாத பேச்சு, நிலைகொள்ளாத மனம், கொஞ்சம் அசட்டுத்தனம். பலரும் முதல் குணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்துவிடுகிறார்கள். பேச்சு பாதிதான். இந்தப் பெண் ஒரு விஷயத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் இன்னொன்றுக்குத் தாவிவிடுவாள், பேச்சிலும் சரி, காரியத்திலும் சரி. அந்தத் தாவல்தான் மீதிப் பாதி. ஓரிடத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் ஒரே விஷயத்தைப் பேசி அறுப்பவரை ஆங்கிலத்தில் யாரும் ஃப்ளிபர்ட்டிஜிபெட் என்று சொல்வதில்லை.

சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் தேர்வு சுலபமாகும். இது ஒலியைப் போலச் செய்து பிறந்த சொல். அர்த்தமில்லாமல் சளசளக்கும் பேச்சு காதில் எப்படி விழுமோ அதை அப்படியே வாயால் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டிலேயே 'ஃப்ளெபர்ஜெபெட்' போன்ற வடிவம் எழுத்தில் இருக்கிறது. 1549இல் ஹியூ லாட்டிமர் என்ற புராட்டஸ்டன்ட் போதகர், அப்போது 11 வயதே ஆன அரசர் ஆறாம் எட்வர்டின் முன்னால் நிகழ்த்திய பிரசங்கத்தில் இதன் குறுகிய வடிவம் ஒன்றைப் பயன்படுத்துகிறார். அங்கே அது அரசனின் முதுகைச் சொறிந்துவிட்டுக் காதில் ஓதும் அரண்மனை ஆட்களைக் குறிக்கிறது. ஆக, தொடக்கத்தில் இது பெண்களுக்கு மட்டுமான சொல் அல்ல, அவ்வளவு செல்லமான சொல்லும் அல்ல. பெண்கள் மேல், அதிலும் இளம்பெண்கள் மேல் நிலைத்து நின்றதும், கடுமை வடிந்து செல்லக் கோபமாக மாறியதும் பின்னால் நடந்தவை. உங்கள் கதை நடக்கும் 1930களில் இந்த மாற்றம் முழுமையாக நடந்து முடிந்திருந்தது. அதனால் அத்தையின் வாயிலிருந்து வரும்போது இது பாதி அலுப்பு, பாதி பாசம்.

இப்போது பேய்க்கு வருவோம். இரண்டும் ஒரே சொல்தான். ஆனால் மொழிபெயர்ப்பில் இரண்டையும் ஒரே மாதிரி நடத்தினால் வேலை கெட்டுவிடும்.

1585, 1586 ஆண்டுகளில் லண்டனுக்கு மேற்கே பக்கிங்ஹாம்ஷயரிலுள்ள டென்ஹாமில் ஒரு வீட்டில், கத்தோலிக்கப் பாதிரியார்கள் சிலர் பேயோட்டும் சடங்குகள் நடத்தினார்கள். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களில் வீட்டு வேலை செய்யும் பெண்களும் இருந்தார்கள். லண்டன் பிஷப்பிடம் பணிபுரிந்த பாதிரியாரான சாமுவேல் ஹார்ஸ்நெட் இதையெல்லாம் மோசடி என்று காட்ட 1603இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்தப் பெண்கள் வாயிலிருந்து வந்த பேய்ப் பெயர்களை அதில் வரிசையாகக் கொடுத்தார். ஃப்ளிபர்டிஜிபெட் அவற்றில் ஒன்று. கூடி வட்டமாக ஆடும் நான்கு பேய்களில் ஒன்றாக அது வருகிறது. ஷேக்ஸ்பியர் அந்த நூலிலிருந்து பல பெயர்களை எடுத்து, பைத்தியக்கார டாமாக வேடம் போட்டிருக்கும் எட்கரின் வாயில் வைத்தார். கிங் லியர் 1606 டிசம்பர் 26 அன்று அரசவையில் நடிக்கப்பட்டது. 1608இல் தனியாக அச்சானது. 1623இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில் மறுபடி அச்சானது. இரண்டு அச்சிலும் இந்தப் பெயரின் எழுத்துக்கூட்டல் வேறு வேறு. எழுத்துக் கோப்பவர்களுக்கே பழக்கமில்லாத, கேட்டு எழுதிய ஒலி அது.

தேதிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். 15ஆம் நூற்றாண்டிலும் 1549இலும் வெற்றுப் பேச்சுக்காரர், 1603இல் பேய். பேயின் பெயரிலிருந்து திட்டு வந்தது என்று சிலர் எழுதுவது தலைகீழ். பொருளில்லாமல் உளறும் ஒலியாக இருந்ததால்தான் பேய் பிடித்தவர் வாயில் அது பெயராகப் பொருந்தியது.

எனவே உங்கள் குறுநாவலில் பேயைத் தொட வேண்டியதே இல்லை. அடிக்குறிப்பில் ஷேக்ஸ்பியரைக் கொண்டுவந்தால் அத்தை தன் தம்பி மகளைப் பேய் என்று திட்டுவதாக வாசகர் நினைத்துக்கொள்வார்.

எதிர்காலத்தில் லியரையே மொழிபெயர்க்க நேர்ந்தால் அங்கே இது பெயர்ச்சொல். பெயரை அப்படியே ஒலிபெயர்த்துவிடுங்கள். மூன்றாம் அங்கம் நான்காம் காட்சியில், புயலில் தீப்பந்தத்தோடு குளோஸ்டர் வருகிறார். எட்கர் அவரைத்தான் ஃப்ளிபர்ட்டிஜிபெட் என்று காட்டுகிறான். வருபவர் அவனுடைய சொந்தத் தந்தை. அங்கே 'வாயாடி' என்று எழுதினால் காட்சி சிதைந்துவிடும். லியரில் இந்தப் பேயைச் சுற்றி வேறு இரண்டு பள்ளங்களும் உண்டு. மூன்றாம் அங்கத்தில் அந்தப் பேய் 'வெப்', 'பின்' இரண்டையும் கொடுக்கும் என்ற வரியைப் பார்த்துச் சிலந்தி வலை, குண்டூசி என்று எழுதிவிடக் கூடாது. அது அக்காலத்தில் கண்புரைக்குச் சொன்ன பெயர். நான்காம் அங்கத்தில் இதே பேய்க்குச் சொல்லப்படும் 'மாப்பிங்', 'மோயிங்' என்பவை தரை துடைப்பதும் புல் வெட்டுவதும் அல்ல. முகத்தைக் கோணிப் பழிப்புக் காட்டுவது. இந்த இரண்டாவது பகுதி 1608 அச்சில் உண்டு, 1623 தொகுப்பில் இல்லை. கையில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

மூன்றாவதாக ஒரு பொருளும் இருக்கிறது. வால்டர் ஸ்காட் 1821இல் வெளியிட்ட கெனில்வொர்த் நாவலில் டிக்கி ஸ்லட்ஜ் என்ற குறும்புக்காரச் சிறுவனுக்கு இது பட்டப்பெயர். 19ஆம் நூற்றாண்டுக் கதைகளில் ஒரு பையனைப் பார்த்து இந்தச் சொல் வந்தால், அங்கே பேச்சைவிடக் குட்டிச்சாத்தான் போன்ற சேட்டைதான் பொருள். 'வாலு' என்ற நம் சொல்லே போதும்.

அதனால் இந்தச் சொல் எங்கே வந்தாலும் முதலில் நூலின் ஆண்டைப் பாருங்கள். அடுத்து, வாக்கியத்தின் நடுவில் பெரிய எழுத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். தொடங்கினால் பெயராகவோ பட்டப்பெயராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு சொல்பவர் யார், கேட்பவர் யார், யாருக்கு வயது அதிகம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இவை தெரியாமல் தமிழ்ச் சொல்லைத் தேடக் கூடாது.

இனி தமிழ்ச் சொற்கள். ஒவ்வொன்றையும் எடைபோட்டுச் சொல்கிறேன். உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

'வாயாடி'யின் வேர் வாயாடுதல். எதிர்த்துப் பேசுதல், விட்டுக்கொடுக்காமல் பேசுதல் என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாயாடிக்கு ஒரு நிலைப்பாடு உண்டு, அதற்காக அவள் மல்லுக்கு நிற்பாள். உங்கள் பெண்ணோ எதிலும் நிற்காதவள். ஆங்கிலத்தில் வாயாடிக்கும் சண்டைக்காரிக்கும் அருகில் வருவது 'ஸ்கோல்ட்' என்ற சொல். அயலாரின் அமைதியைக் கெடுக்கும்படி ஓயாமல் சண்டை போடும் பெண்ணை இங்கிலாந்தின் பொதுச்சட்டம் குற்றவாளியாகவே பார்த்தது. நாற்காலியில் கட்டித் தண்ணீரில் முக்கும் தண்டனையும் இருந்தது. அங்கே அந்தக் குற்றம் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது 1967இல்தான். ஃப்ளிபர்ட்டிஜிபெட் மேல் யாரும் வழக்குப் போட்டதில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் அவ்வளவு.

'வம்பி', 'வம்பளப்பவர்' இரண்டும் வேண்டாம். அவை 'காசிப்' என்ற சொல்லுக்குச் சரி. அந்தச் சொல்லின் வரலாறும் ஒரு பாடம். ஞானஸ்நானத்தில் குழந்தைக்கு நிற்கும் ஞானப்பெற்றோரைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல், நெருங்கிய தோழியைக் குறிக்கத் தொடங்கி, கடைசியில் அந்தத் தோழிகள் பேசும் ஊர்ப்பேச்சில் வந்து நின்றது. வம்பு பேசுபவருக்கு ஞாபகசக்தி வேண்டும். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று அடுக்கி வைத்திருக்க வேண்டும். ஃப்ளிபர்ட்டிஜிபெட்டுக்குக் காலையில் கேட்டது மாலையில் மறந்துவிடும்.

'ஓட்டைவாய்' ரகசியம் தங்காத ஆள். ஆங்கிலத்தில் 'பிளாபர்மவுத்'. கதையில் உங்கள் பெண் எதையாவது உளறிக் கொட்டிக் காரியத்தைக் கெடுத்திருந்தால் அந்த ஒரு இடத்தில் மட்டும் பொருந்தும்.

'அரட்டை' தவறில்லை, ஆனால் அது கூடிச் செய்யும் காரியம். அரட்டையில் அசடு கிடையாது. 'தொணதொணப்பு' கேட்பவரை அரிப்பது, ஒரே கோரிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்வது. அதில் தாவல் இல்லை. 'வளவள' நீளம். வயதானவருக்கும் அரசியல் பேச்சாளருக்கும் அது பொருந்தும், 19 வயதுப் பெண்ணுக்குக் கனம் கூடிவிடும். 'கலகல', 'துறுதுறு' இரண்டும் பாராட்டு. அத்தை பாராட்டவில்லை. 'படபட' வேகமும் பதற்றமும். 'லொடலொட' நல்ல சொல். காலி வண்டி ஓடும்போது எழும் ஓசை அதில் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறது. ஆனால் அது மரமும் இரும்பும் மோதும் ஓசை. சிறுபெண்ணின் பேச்சுக்குக் கொஞ்சம் முரடு. 'சளசள' அதைவிட மெல்லியது, ஓடும் நீருக்கும் பறவைக் கூட்டத்துக்கும் வரும் ஓசை. பேச்சு என்ற பாதிக்கு இதுவே மிகப் பொருத்தம்.

'மினுக்கி', 'ஆட்டக்காரி' வகைச் சொற்களை எந்த நிலையிலும் தொடாதீர்கள். சில மொழிபெயர்ப்புகளில் இந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள், 'நிலைகொள்ளாதவள்' என்பதை நடத்தையோடு முடிச்சுப் போட்டு. மூலத்தில் பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இல்லாத பழியை மொழிபெயர்ப்பாளர் சுமத்தக் கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருப்பேன்.

பழந்தமிழில் வெகு அருகில் வரும் ஒரு சொல் உண்டு: பதடி. பயனில சொல்லாமை அதிகாரத்தில் (குறள் 196) வள்ளுவர் பயனற்ற சொல்லைப் பாராட்டிப் பேசுபவனை மனிதன் என்று சொல்லாதே, 'மக்கட் பதடி' என்று சொல் என்கிறார். பதடி என்றால் பதர், உள்ளே மணி இல்லாத நெல். காற்றில் பறக்கும், கனம் இல்லாதது. வெற்றுப் பேச்சையும் எடையின்மையையும் ஒரே சொல்லில் சேர்த்த விதம் ஆங்கிலச் சொல்லுக்கு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. ஆனாலும் உங்கள் கதைக்கு ஆகாது. வள்ளுவரின் குரல் தீர்ப்பு, அத்தையின் குரல் அலுப்பு. தவிர, உரைநடை உரையாடலில் 'பதடி' என்று எழுதினால் வாசகர் அகராதியைத் தேடுவார்.

என் பரிந்துரை 'அச்சுப்பிச்சு'.

காரணங்களைச் சொல்கிறேன். முதலாவது, இதுவும் ஒலியால் பிறந்த சொல். ஆங்கிலச் சொல்லைச் சொல்லும்போது வாய்க்குள் நடப்பதைக் கவனியுங்கள். 'ஃப்' உதட்டில், 'ள்' நாவில், 'ப' உதட்டில், 'ட்', 'ஜி' நாவில், மறுபடி 'ப' உதட்டில், கடைசி 'ட்' நாவில். உயிர்கள் எல்லாமே குறில். உதடும் நாவும் மாறி மாறித் துள்ளுவதால்தான் அந்தச் சொல்லைக் கேட்டாலே அந்தப் பெண் கண்ணில் தெரிகிறாள். அச்சுப்பிச்சுவில் 'ச்சு' நாவில், 'ப்பி' உதட்டில், 'ச்சு' மறுபடி நாவில். இங்கேயும் எல்லாம் குறில். தத்துப்பித்துவும் இதே அமைப்பு. இரண்டாவது, பொருள். அசட்டுத்தனமும் பொருந்தாத பேச்சும் இரண்டும் அதில் உண்டு, கெடுதல் இல்லை. மூன்றாவது, வயது. ஆங்கிலத்தில் ஃப்ளிபர்ட்டிஜிபெட் இன்று பாட்டிமார் சொல்லாகவே கேட்கிறது. அச்சுப்பிச்சுவும் இளைஞர்கள் கேட்டால் புரிந்துகொள்வார்கள், தாங்களாகச் சொல்லமாட்டார்கள். பழைய சொல்லுக்கு ஈடாகச் செத்த சொல்லைப் போடக் கூடாது. பெரியவர்கள் வாயில் இன்னும் உயிரோடிருக்கும் சொல்லைப் போட வேண்டும்.

'அச்சுப்பிச்சு' ஆளையும் குறிக்கும், பேச்சையும் குறிக்கும். 'தத்துப்பித்து' பெரும்பாலும் பேச்சைத்தான் குறிக்கும். அதனால் ஆளைக் கூப்பிட முன்னதையும், அவள் பேசும் விதத்தைச் சொல்லப் பின்னதையும் வைத்துக்கொள்ளலாம்.

இலங்கை வாசகர்களை மனதில் வைத்து எழுதுவதானால் 'அலட்டல்' கைகொடுக்கும். யாழ்ப்பாணத்தில் 'சும்மா அலட்டாதை' என்றால் வெட்டியாகப் பேசிக்கொண்டிருக்காதே என்று அர்த்தம். தமிழ்நாட்டில் அதே சொல் பெருமை காட்டுவதைக் குறித்துவிடும். நூல் இரண்டு இடத்திலும் விற்பனைக்குப் போவதானால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி உங்கள் மூன்று இடங்கள். மூன்றிலும் ஒரே சொல்லை ஒட்ட வைத்தால் நடு இடம் கெடும், மூன்றிலும் வேறு வேறு போட்டால் கடைசி இடம் கெடும்.

முதல் இடம் நேருக்கு நேர். ஒரே மூச்சில் வெடிக்கும் சொல் வேண்டும். 'ஒரு நிமிஷம் உட்காரேன், அச்சுப்பிச்சு!' போதும். முன்னால் 'ஒரு', 'சரியான' போன்ற அடைகளைச் சேர்த்தால் வேகம் குறையும். தம்பியின் மகள் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே உறவு அத்தை என்பதில் குழப்பமில்லை. 'நீ' என்ற ஒருமையும் சரி. ஆனால் வரிக்கு வரி 'டி' போடாதீர்கள். அடக்கமாகப் பேசும் ஆங்கில வீடு அது. ஒவ்வொரு வாக்கியமும் 'டி'யில் முடிந்தால் வீடே இடம்பெயர்ந்துவிடும். உச்சகட்ட அலுப்பில் ஒரு முறை வந்தால் பரவாயில்லை.

இரண்டாம் இடம் கடிதம். அத்தை நிதானமாக, பெண்ணின் தந்தைக்கு எழுதுகிறார். எழுத்தில் வசைச்சொல்லை அப்படியே வைத்தால் புகார் போலாகும். இங்கே சொல்லை விரித்து எழுதுங்கள்: 'உன் மகள் கெட்டவள் இல்லை. கால் ஓரிடத்தில் தரிப்பதில்லை, வாய் ஒரு கணம் ஓய்வதில்லை, அவ்வளவுதான். சரியான அச்சுப்பிச்சு.' தாவலும் பேச்சும் முன்னால் விளக்கமாக வந்துவிட்டதால் கடைசியில் வரும் அந்த ஒரு சொல்லுக்குப் பொருள் நிறைந்துவிடும். தம்பிக்கு எழுதுவதால் இங்கேயும் ஒருமை.

இந்த விரிவு இன்னொரு விதத்திலும் பயன்படும். அச்சுப்பிச்சுவின் குறை, அதில் அசடு தூக்கலாகவும் நிலைகொள்ளாமை குறைவாகவும் இருப்பது. அந்தக் குறையைச் சொல்லுக்குள்ளேயே நிரப்ப முடியாது, பக்கத்திலிருக்கும் வினைச்சொற்களால்தான் நிரப்ப முடியும். எனவே முதல் இடத்திலும், சொல் வருவதற்கு முன் உள்ள இரண்டு மூன்று வரிகளில் பெண் நடமாடுவதை விட்டுவிடாமல் மொழிபெயர்த்திருக்கிறீர்களா என்று சரிபாருங்கள். ஜன்னலுக்குப் போனாள், புத்தகத்தை எடுத்தாள், வைத்தாள் என்று மூலத்தில் இருந்தால் அவற்றைச் சுருக்கி ஒரே வாக்கியமாக்கிவிடாதீர்கள். சின்னச் சின்ன வினைகளாகவே விடுங்கள்.

மூன்றாம் இடத்தில் அவளே சொல்கிறாள். முதல் இடத்தில் என்ன சொல் வந்ததோ அதே சொல்தான் இங்கே வர வேண்டும், எழுத்து மாறாமல். அத்தை தன் மேல் எறிந்த சொல்லை அவள் எடுத்துத் தானே அணிந்துகொள்கிறாள். அந்தத் தொடர்பு அறுந்தால் கடைசி அத்தியாயத்துக்கு உயிர் இல்லை. 'நான் அச்சுப்பிச்சுதானே, அத்தை' என்ற அளவில் நிறுத்துங்கள். 'தானே' என்ற ஒட்டு, அவள் பழைய சொல்லை நினைவுபடுத்துகிறாள் என்பதைக் காட்டிவிடும். விளக்கம் எதுவும் சேர்க்காதீர்கள்.

இதே காலத்துக் கதைகளில் அடிக்கடி கூட வரும் சொற்களையும் கலந்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். 'சேட்டர்பாக்ஸ்' வெறும் ஓயாத பேச்சு, குழந்தைக்கும் சொல்லலாம். 'லொடலொட' அங்கே போகட்டும். 'ஸ்கேட்டர்பிரெய்ன்' பேசாதவராகவும் இருக்கலாம், மறதியும் ஒழுங்கின்மையும்தான் அதன் மையம். 'விண்ட்பேக்' பெரும்பாலும் தன் பேச்சில் தானே மயங்கும் பெரிய மனிதர், 'வளவள' அவருக்கு. 'பாப்பின்ஜே' முதலில் கிளியைக் குறித்தது, பின்பு பகட்டாக உடுத்தித் தற்பெருமை பேசும் ஆணைக் குறித்தது. ஒரு தாளில் இந்தச் சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நீங்கள் எடுத்துக்கொண்ட தமிழ்ச் சொல்லைக் குறித்து, நூல் முடியும் வரை மாற்றாதீர்கள். ஒரே தமிழ்ச் சொல் இரண்டு ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே வந்துவிட்டால் ஒன்றை மாற்றியாக வேண்டும்.

கடைசியாக உச்சரிப்பும் எழுத்தும். சொல்லில் 5 அசைகள்: ஃப்ளிப், அர், டி, ஜிப், எட் என்று கேட்கும். முதன்மை அழுத்தம் நான்காம் அசையான 'ஜி'யில், முதல் அசையில் அதைவிட லேசான அழுத்தம். பிரிட்டனில் 'ர்' கேட்காது, அமெரிக்காவில் கேட்கும். எழுத்தைப் பார்த்து 'கிபெட்' என்று படிப்பது பரவலான பிழை. அங்கே 'ஜி' ஒலிதான். அந்தப் பின்பகுதி தூக்குமரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்போல எழுதப்படுகிறது என்பதால் தூக்குமரத்தோடு முடிச்சுப் போட்டு விளக்கம் எழுதுவதும் வேண்டாம். இது சளசளப்பின் ஒலி, அவ்வளவே.

தமிழில் 'ஃப்ளிபர்ட்டிஜிபெட்' என்று எழுதுங்கள். இரண்டு 'ப'வும் ஒற்றையாக இருக்க வேண்டும். உயிர்களுக்கு நடுவில் தனி 'ப' மெல்லிய ஒலியாகவே வாசிக்கப்படும். 'ப்ப' என்று இரட்டித்தால் வல்லொலியாகி 'ஃப்ளிப்பர்' என்று வேறு சொல்லாகிவிடும். 'ட்டி'யை மாறாக இரட்டிக்கத்தான் வேண்டும், ஒற்றை 'டி' என்றால் மெலிந்துவிடும். வரி முடிவில் உடைக்க நேர்ந்தால் 'ஃப்ளிபர்ட்டி' என்பதற்குப் பிறகு உடையுங்கள். உங்கள் குறுநாவலில் இந்த ஒலிபெயர்ப்பு எங்குமே தேவைப்படாது. மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் மூலச்சொல் இன்னது என்று ஒரு வரி கொடுக்க விரும்பினால் மட்டும் அங்கே பயன்படுத்திக்கொள்ளலாம்.